பெயர்க்காரருக்கு ஓர் எதுகை

இனி வருவதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. ஒரு காற்புள்ளிகூடக் கூட்டியதில்லை. கூட்டியிருந்தால் சொல்பவனின் நாக்கு அழுகட்டும், கண் அவியட்டும், அடுத்த வேளைச் சோறு தொண்டையிலேயே நிற்கட்டும். பெயர்களை மட்டும் சொல்வதற்கில்லை. சொன்னால் உங்கள் வாய் சும்மா இருக்காது, அதற்கு எதுகை தேட ஆரம்பிக்கும். அப்படித் தேட ஆரம்பித்த ஒரு வீட்டில் நடந்ததைத்தான் இப்போது கேட்கப் போகிறீர்கள்.

நினைவுக்கல் வெட்டும் பட்டறை ஒன்றில் பாட்டு எழுதுகிற வேலை எதுகையாருக்கு. பட்டறையில் வைத்த பெயர் அது, வீட்டு வாசல்வரை வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. மெட்டுக்குப் பாட்டெழுதி ஊரைக் கலக்க வேண்டும் என்று கிளம்பியவர்தான். சோப்புக்கு ஒரு பாட்டு எழுதினார், மூட்டுவலித் தைலத்துக்கு ஒன்று எழுதினார். தைலப் பாட்டு நன்றாக ஓடியது, தைலம் ஓடவில்லை. அதன் பிறகு யாரும் மெட்டோடு வீட்டுப் பக்கம் வரவில்லை. கடைசியில் மனைவியின் அண்ணன் நடத்திய கல் பட்டறையில் வந்து ஒதுங்கினார்.

“உயிரோட இருக்கறவன்தான் மாப்பிள்ளை பாட்டுல குறை கண்டுபிடிப்பான்,” என்றார் மைத்துனர். அவர்தான் பட்டறையின் உளிக்காரர். “நம்ம ஆளுங்க யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.”

பட்டறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்லில் இரண்டே அடி. முதல் அடியின் தலையில் இறந்தவர் பெயர். இரண்டாம் அடியின் தலையில் அதற்கு எதுகையாக ஒரு சொல். மேலே ‘கண்’ணென்று தொடங்கினால் கீழே ‘மண்’ணோ ‘விண்’ணோ வந்து தோள் கொடுக்க வேண்டும். எதுகை சிக்காத பெயராக இருந்தால் எதுகையார் முன்னாடியே சொல்லிவிடுவார். குடும்பப் படத்தில் குள்ளமான மாமாவை இரண்டு பேருக்கு நடுவில் சொருகுவதுபோல, பெயரை அடியின் நடுவில் எங்காவது சொருகிவிடுவார்கள். ஆகவே அவர் தலையசைத்த பிறகுதான் உளி கல்லைத் தொடும். எழுதி முடித்த பாட்டைக் கல்லுக்கு எதிரே நின்று ஒருமுறை வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். காதில் நிற்காத பாட்டு கல்லில் நிற்காது என்பது உளிக்காரரின் கட்சி.

செத்துப்போன புருஷனுக்குக் கல் சொல்ல ஓர் அம்மாள் வந்த அன்று எதுகையாருக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போய்க்கொண்டிருந்தது. கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அம்மாள் புருஷனின் படத்தை மேசைமேல் வைத்தாள். மார்புவரை எடுத்த படம். கழுத்துப் பொத்தான்வரை போட்டு, யாரோ தன்னை விட்டுவிட்டு வெளியே போகிறார்கள் என்பதுபோல ஒரு பார்வை.

“அவருக்குத் தனியா இருக்கறது ஆகவே ஆகாது,” என்றாள். “குளிக்கப் போனாக்கூட நான் கதவுக்கு வெளிய நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். இப்ப அங்க என்ன பண்றாரோ.”

“கவலையே படாதீங்கம்மா,” என்றார் உளிக்காரர். “சுத்தி நல்ல கூட்டம் இருக்கு. எல்லாம் நம்ம கல்லுதான்.”

பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். புருஷனின் அப்பா கனவில் கேட்டு வைத்த பெயராம். அதற்கு முன்னும் பின்னும் உலகத்தில் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாதாம். உளிக்காரர் மூலையைத் திரும்பிப் பார்த்து, “மாப்பிள்ளை, தலையில வெச்சிரலாமா?” என்று கேட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துப் பல் ஒரு குத்துக் குத்தியது. எதுகையாரின் தலை கீழே போய் மேலே வந்து மறுபடியும் கீழே போனது. உளிக்காரர் உளியை எடுத்துவிட்டார்.

மறுநாள் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து கல்லைப் பார்த்த எதுகையாரின் முகத்தில் ஈயாடவில்லை.

“யாரைக் கேட்டு வெட்டினீங்க?”

“உங்களைக் கேட்டுத்தான். ரெண்டு தடவை தலையாட்டினீங்களே.”

“அது பல்லு ஆட்டினது மச்சான்!”

“பல்லு ஆட்டினா ஒரு மாதிரியும் நீங்க ஆட்டினா வேற மாதிரியும் ஆடுமா என்ன? எனக்கு எப்படித் தெரியும்?”

கறுப்புக் கல். விரல் நுழையும் ஆழத்தில் பெயர். அதற்குக் கீழே வழவழவென்று ஒரு வெற்றிடம்.

அந்தப் பெயருக்கு எதுகையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒன்று இருந்தது. கல்லைப் பார்த்த கணமே அது எதுகையாரின் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் மனைவியின் பெயர். அவளுடையதும் எங்கும் இல்லாத பெயர்தான். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால், அளவெடுத்துத் தைத்த உறையில் தலையணை இறங்குவதுபோல ஒன்றில் ஒன்று இறங்கியது. உயிரோடு வீட்டில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருப்பவளின் பெயரைக் கொண்டுபோய்ச் செத்தவன் பெயருக்குக் கீழே வெட்டுவதா? வாய்க்குள் வந்ததை அப்படியே விழுங்கினார். இவ்வளவு பெரிய மொழியில் இன்னொரு சொல் கிடைக்காமலா போய்விடும் என்று வேறு சொல் தேட உட்கார்ந்தார்.

முதலில் கிடைத்தது முழு எதுகை அல்ல, கொஞ்சம் இழுத்தால் ஒத்துவரும். அடியை எழுதிக் கல்லுக்கு எதிரே நின்று படித்தார். படித்து வாயை மூடவும், பின்னால் வாடிக்கையாளர் பெஞ்சில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

திரும்பிப் பார்த்தார். பெயர்க்காரர் உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பொத்தான்வரை போட்ட அதே சட்டை. படத்தில் இருந்தது மார்புவரைதான் என்பதால் பெஞ்சில் இருந்தவரும் மார்புவரைதான் துலக்கமாக இருந்தார். அதற்குக் கீழே, ஈரத் தாளில் மை ஊறியதுபோல ஒரு கலங்கல். அவர் எதுகையாரைப் பார்த்தபடி மெதுவாக, வருத்தமாக, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினார்.

அது சரியில்லை என்று சொன்னதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டு வேளையில்தான் விஷயம் புரிந்தது.

“மச்சான், அந்த இது… வெள்ளையா இருக்குமே, கடல்லேர்ந்து எடுப்பாங்களே, கொஞ்சம் தள்ளுங்க.”

“கொக்கா?”

“கொக்கைக் கடல்லேர்ந்தா எடுப்பாங்க? பொடியா, சோத்துல போடற…”

“உப்பா?”

“அதேதான்.”

“அதைச் சொல்ல எதுக்குய்யா கடல் வரைக்கும் போறீங்க!”

எதுகையார் அந்தச் சொல்லைச் சொல்லப் பார்த்தார். நாக்கு மடங்கியது. எழுதப் பார்த்தார். பேனா தாளுக்கு ஒரு மயிரிழை மேலேயே நின்றுவிட்டது. அன்று காலை இரண்டாம் அடியின் தலையில் அவர் வைத்துப் பார்த்தது அந்தச் சொல்தான். பெயர்க்காரர் ஏற்காத சொல் திரும்பி வருவதில்லை. ஏற்காததையும் கையோடு எடுத்துக்கொள்கிறார்.

இது தெரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. எதுகையார் நிறுத்தினால் வாய்க்குள் இருக்கும் அந்த ஒரு பெயர் மெல்ல முன்னால் நகர்ந்து பல்லை முட்டியது. அதைத் தள்ளிவைக்க இன்னொரு சொல்லைக் கொடுத்தாக வேண்டும். கிட்டத்தட்ட ஒலிப்பதைக் கொடுத்தார். எட்ட நின்று கேட்டால் ஒலிப்பதைக் கொடுத்தார். பிறகு காதில் பஞ்சு வைத்தவனுக்குக்கூட ஒலிக்காததைக் கொடுத்தார். சாவி போனது. குடை போனது. மழையில் நனைந்துகொண்டு கடைக்காரரிடம், “மேல விரியும், கீழ பிடிப்போம்,” என்று விளக்கியதில் அவர் ஒரு கூடாரத்தின் விலையைச் சொன்னார்.

சாயங்காலம் எதுகையார் வீட்டுக்கு நடந்தபோது பெயர்க்காரரும் கூடவே வந்தார். காலடிச் சத்தம் கேட்கவில்லை. கால் இருந்தால்தானே.

வீட்டு முன்னறையில் மனைவியின் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு என்று பக்கத்தில் ஒரு நாற்காலி. பெயர்க்காரர் நேராகப் போய் அதில் உட்கார்ந்தார்.

“என்னங்க,” என்றாள் அவள், நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கையை உதறி. “இது ஐஸ் மாதிரி இருக்கு. யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?”

எதுகையார் எல்லாவற்றையும் சொன்னார், அந்த ஒன்றைத் தவிர. அவள் கேட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்து, “வாங்கண்ணே, உட்காருங்க,” என்றாள். “அதான் உட்கார்ந்துட்டீங்களே.” பிறகு விளக்குமாற்றை எடுத்து, “காலைக் கொஞ்சம் தூக்குங்கண்ணே, நூலெல்லாம் பெருக்கணும்.”

“அவருக்குக் காலு இல்லம்மா.”

“ரொம்ப நல்லதாப் போச்சு.”

அவளுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். காலர் தைத்தபடியே நாற்காலியிடம் பேசினாள். பொத்தான் விலை, பக்கத்து வீட்டுக் குழாய்த் தகராறு, புருஷன் எழுதிய தைலப் பாட்டு. எதுகையார் வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளால் பார்க்க முடியாததை அவரால் பார்க்க முடிந்தது. அவள் பேசப் பேசப் பெயர்க்காரர் துலங்கினார். முதலில் மார்புவரை இருந்தவர் மறுநாள் இடுப்புவரை வந்தார். அதற்கடுத்த நாள் மடியில் இரண்டு கைகள் முளைத்தன. அவற்றில் ஒன்று, யாருடைய கையையோ பிடிக்கப்போவதுபோலப் பாதி திறந்திருந்தது.

“மச்சான், அந்தப் பேரை அழிச்சிடுங்க,” என்று பட்டறையில் கெஞ்சினார் எதுகையார். உளிக்காரர் கிரைண்டரைப் போட்டார். கல் தூள் பறந்தது. ஊதிவிட்டுப் பார்த்தால் பெயர் அங்கேயே இருந்தது, கொஞ்சம் உள்ளே போய். மறுபடி தேய்த்தார். பெயர் இன்னும் உள்ளே போனது. மூன்றாம் முறை தேய்த்தபோது கல்லின் பின்பக்கம் எழுத்துகள் புடைக்க ஆரம்பித்தன. உளிக்காரர் கிரைண்டரை அணைத்துவிட்டுப் போய்க் கை கழுவினார்.

“இது என் தொழில்லயே இல்ல மாப்பிள்ளை. பாட்டை முடிங்க.”

அன்று மத்தியானம் எதுகையாருக்கு வெறி பிடித்துவிட்டது. நினைவுக்கல் பாட்டுகளில் வழக்கமாகப் புரளும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயருக்குக் கீழே எறிந்தார். எங்களை விட்டுப் போக வேண்டாம் என்று ஓர் அடி. பெயர்க்காரர் தலையை ஆட்டினார். பிரியக் கூடாது என்று ஒன்று. ஆட்டினார். மறக்க முடியாது என்று ஒன்று. அதற்கும் ஆட்டினார். நீ இங்கே இல்லை என்று ஒன்று எழுதி, குரல் உடைந்து படித்தார். பெயர்க்காரர் அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆட்டினார். என்ன கொடுத்தோம் என்று நின்று பார்க்கிற நிலையில் எதுகையார் இல்லை.

அந்தச் சாயங்காலமே உளிக்காரர் தங்கையைப் பார்க்க வந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, “எல்லாம் இந்தப் பாழாப்போன பேரால வந்தது,” என்று அந்தப் பெயரைச் சொன்னார். அதே மூச்சில், “நீ எப்படிம்மா இருக்கே?” என்று தங்கையைப் பெயர் சொல்லிக் கேட்டார்.

நாற்காலி கிறீச்சிட்டது.

உளிக்காரர் வாயைப் பிளந்தார். “அட! ரெண்டும் அப்படியே ஒட்டுதே! மாப்பிள்ளை, பக்கத்துலயே வெச்சுக்கிட்டா ஊரெல்லாம் தேடினீங்க?”

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

“முதல் நாளே,” என்றார் எதுகையார் தரையைப் பார்த்து.

“தெரிஞ்சுமா இத்தனை சொல்லைத் தொலைச்சீங்க?” அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், முகம் வேறு எங்கோ போயிற்று. “பொண்டாட்டி பேரை ஒளிச்சு வெக்கறதுக்கு உப்பைத் தூக்கிக் குடுத்திருக்கீங்களே மனுஷா.”

அவர் குனிந்து தரையில் கிடந்த நூல் துண்டைப் பொறுக்கினார்.

“இப்படியே போனா உங்க வாயில என்னதான் மிச்சம் இருக்கும்? அப்புறம் எதை வெச்சு எழுதுவீங்க?” என்றவள் உளிக்காரர் பக்கம் திரும்பினாள். “அண்ணே, என் பேரையே போட்டுருங்க.”

எதுகையார் பதறி எழுந்தார். வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அது இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அதற்குப் பக்கத்துச் சொல்லைத் தேடினார், அதுவும் போயிருந்தது. மறுப்பதற்கு என்று மொழி கொடுத்திருந்ததை எல்லாம் அன்று மத்தியானம்தான் அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தார்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறேன்,” என்றாள் அவள்.

எதுகையார் தலையை வேகமாக ஆட்டினார்.

“மாப்பிள்ளை தலையாட்டறதை நம்பி நான் ஒரு தடவை வெட்டினது போதும்,” என்றார் உளிக்காரர். “வாயால சொல்லட்டும்.”

“அங்க நாற்காலி ஆடுது, இங்க தலை ஆடுது,” என்றாள் அவள். “நான் எதைன்னு எடுத்துக்கறது? சொல்லுங்க.”

அவர் அவள் கையைப் பிடித்தார். “நீ… எனக்கு… உன் பேரு…” என்றார். அதற்கு மேல் வாக்கியம் போக வழியில்லாமல் நின்றது.

“பேருதானேங்க,” என்றாள் அவள், கையை விடுவிக்காமல். “எனக்கு அதை வெச்சுக்கிட்டு என்ன வேலை? கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க ‘ஏய்’, ‘இந்தா’ன்னுதானே கூப்பிடறீங்க. சும்மாக் கிடக்கற பேரு. அங்க போயாவது ஒருத்தருக்குத் துணையா இருக்கட்டும்.”

மறுநாள் காலையில் உளிக்காரர் வெட்டினார். எதுகையார் அவருடைய கையைப் பிடித்துத் தடுக்கப் போனார். கல் அசையாமல் இருக்கப் பிடிக்கிறார் என்று நினைத்து, “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்,” என்றார் உளிக்காரர். முதல் அடியின் தலையில் பெயர்க்காரர் பெயர், அதற்கு நேர் கீழே மனைவியின் பெயர், பிறகு நல்லதாக நாலு சொல். வழக்கப்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும். எதுகையார் படித்தார். அவர் எழுதியதிலேயே அவ்வளவு சுத்தமாகக் காதில் நின்ற பாட்டு வேறு கிடையாது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பெயர்க்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். இரண்டு கால்கள் இருந்தன, செருப்புகூட இருந்தது. முதன்முதலாகத் தலையை மேலும் கீழுமாக அசைத்துவிட்டு வெளியே நடந்தார். தெருவில் தாராளமாக இடம் இருந்தும் ஒரு ஓரமாகவே போனார், பக்கத்தில் இன்னொருவர் நடக்க இடம் விடுகிறவர்போல. பாதி திறந்திருந்த கை இப்போது மூடியிருந்தது.

அம்மாள் வந்து கல்லைப் பார்த்தாள். இரண்டாம் அடியில் விரலை வைத்து, “இது யாரு?” என்று கேட்டாள்.

உளிக்காரர் தொண்டையைச் செருமினார். “எதுகைம்மா.”

“நல்ல பொண்ணா?”

“ரொம்பப் பேசும்.”

“அப்ப சரி,” என்று அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எதுகையார் வீட்டுக்கு ஓடினார். வழியிலேயே சொற்கள் திரும்பி வரத் தொடங்கின. உப்பு, சாவி, குடை, கூடாது, வேண்டாம் என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடியவரைப் பார்த்து மக்கள் ஒதுங்கி நின்றார்கள். வாசலில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“வர்றேங்க,” என்றாள் அவள், சமையலறையிலிருந்து. வந்தாள். சிரித்தாள். நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, சூடு வந்துவிட்டது என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அவளை ‘ஏய்’ என்று கூப்பிட்டதே இல்லை. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெயரைச் சொன்னார். அவளும் தவறாமல், “வர்றேங்க,” என்றாள். ஆனால் ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் தள்ளியிருந்து வந்தது. சமையலறையிலிருந்து வந்த குரல் பிறகு கொல்லையிலிருந்து வந்தது. கொல்லையிலிருந்து வந்தது அடுத்த தெருவிலிருந்து வந்தது. அவள் வந்து சேர முன்னைவிட நேரமாயிற்று. வந்தபோது செருப்பில் புழுதி இருந்தது, வழியில் யாரோ பேச்சுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள் என்றாள். பிறகு ஒருநாள் அவர் கூப்பிட்டபோது, “வர்றேங்க,” என்ற குரல் அவ்வளவு தொலைவிலிருந்து, அவ்வளவு மெலிதாக வந்தது. எதுகையார் வாசற்படியில் உட்கார்ந்து அவள் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மெஷினில் ஒரு சீருடை ஊசி குத்தியபடியே நின்றது, ஒரு கை வைத்துத் தைத்தது, மறு கை வைக்காதது.

இன்று யாரைக் கேட்டாலும், உளிக்காரரையே கேட்டாலும், எதுகையாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடைசிவரை தனிக்கட்டை.